பலகைக்கு அடியில்: வட அமெரிக்க வீட்டு டெக்குகளின் பாதுகாப்பு

அமெரிக்காவிலும் கனடாவிலும் புறநகர் வீடுகளின் பின்பக்கத்தில் மரத்தளம் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பது வழக்கம். அங்கே வாழும் தமிழர்களும் அதை டெக் என்றே சொல்கிறார்கள். சமையலறைக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் கால் வைப்பது அதன்மேல்தான். கோடை மாதங்களில் அது வீட்டின் இன்னொரு கூடமாகிவிடுகிறது. பிறந்தநாள், பட்டமளிப்பு விருந்து, ஞாயிறு மாலை கிரில்லில் கோழி வாட்டுவது எல்லாம் அங்கேதான் நடக்கும். வீட்டுக்குள் இருக்கிற எந்த அறையிலும் கூடாத அளவுக்கு ஆட்கள் நெருங்கி நிற்பது இந்தத் தளத்தில்தான். அறைகளின் தளங்கள் கூரைக்குக் கீழே உலர்ந்து கிடக்கின்றன. டெக்கோ மழை, பனி, வெயில் மூன்றையும் வாங்கிக்கொண்டு வெட்டவெளியில் நிற்கிறது. சுமையும் பருவமும் ஒருசேரத் தாக்குகிற இந்தப் பகுதிதான் வீட்டிலேயே குறைந்த கவனத்தோடு கட்டப்படுவது. டெக் பராமரிப்பு என்று பேசப்படுவதில் பெரும்பங்கு மேற்பலகையைப் பற்றியது: எந்த மரம், எந்தப் பூச்சு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பூசுவது. இந்தக் கட்டுரையின் வாதம் பலகையை விட்டுக் கீழே போகிறது. டெக் நிற்பதையும் விழுவதையும் தீர்மானிப்பவை மறைவில் இருக்கும் சில இணைப்புகள். அவற்றுள் முதன்மையானது டெக் வீட்டுச் சுவரோடு சேரும் இடம். கட்டுகிறவர், குடியிருப்பவர், விதி எழுதுகிறவர் மூவருமே அந்த இடத்திலிருந்து யோசிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த அலட்சியம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க டெக்கின் பிறப்பைப் பார்க்க வேண்டும். அது கட்டடக் கலையின் பிள்ளையாகப் பிறக்கவில்லை. தோட்டக் கலையின் பிள்ளையாகப் பிறந்தது. கலிஃபோர்னியாவில் தாமஸ் சர்ச் என்ற தோட்ட வடிவமைப்பாளர் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மரத்தளங்களைத் தோட்டத்தின் உறுப்பாகவே அமைத்தார். சோனோமாவில் 1948இல் அவர் அமைத்த டொனெல் தோட்டத்தில் நின்றிருந்த ஓக் மரங்களை வெட்டாமல், அவை ஊடே வளர இடம்விட்டு ரெட்வுட் பலகைகள் பரப்பப்பட்டன. போர் முடிந்து புறநகர்கள் பெருகின. நகர்த்தும் கண்ணாடிக் கதவு பரவியது. பிறகு மருந்தேற்றிய பைன் மரம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் ரெட்வுட் வாங்க வசதியில்லாதவரும் டெக் போட முடிந்தது. வார இறுதியில் கடையில் மரம் வாங்கிவந்து, மைத்துனரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் துணைக்கு வைத்துக்கொண்டு கட்டிவிடலாம் என்ற எண்ணம் அப்போது வேர்விட்டது. தரையை ஒட்டிய தோட்டத் திண்ணைக்கு அந்த எண்ணம் பொருந்தும். அதே கைப்பழக்கம் தரையிலிருந்து எட்டடி, பத்தடி உயரத்துக்கு ஏறியபோதும் யாரும் அதை வேறொரு வேலையாகக் கருதவில்லை. விதிகளும் பின்தங்கியே வந்தன. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் பின்பற்றும் சர்வதேச குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பில், டெக்கை வீட்டோடு எத்தனை போல்ட் கொண்டு பிணைக்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணை 2009ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இடம்பெற்றது. அதற்கு முன் கட்டப்பட்டவை எண்ணற்றவை. அவற்றில் பல இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன.

அந்தப் பிணைப்பின்மேல் என்ன சுமை விழுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சுவரையொட்டி 16 அடி நீளமும் வெளிநோக்கி 12 அடி அகலமும் உள்ள நடுத்தர டெக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விதிப்படி அது ஒரு சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 195 கிலோ, ஆள் சுமையைத் தாங்க வேண்டும். மொத்தப் பரப்புக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 3,480 கிலோ. சராசரி 75 கிலோ என்று வைத்தால் 45 பேருக்கு மேல். பலகைகள் இந்தச் சுமையை ஜாயிஸ்டுகள் எனப்படும் குறுக்குமரங்களுக்குக் கடத்துகின்றன. ஜாயிஸ்டுகளின் ஒரு முனை வெளிப்பக்கம் தூண்கள் தாங்கும் உத்திரத்தின் மேல் இருக்கிறது. மறுமுனை சுவரோடு பிணைத்த ஒற்றைப் பலகையில் இருக்கிறது. அந்தப் பலகையைத்தான் லெட்ஜர் என்கிறார்கள். ஆகவே சுமையில் சரிபாதி, 1,700 கிலோவுக்கும் மேல், லெட்ஜருக்குப் போகிறது. டெக்கின் சொந்த எடையையும் சேர்த்தால் லெட்ஜரின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் 135 கிலோ அளவில் வரும். வெளிப்பக்கத் தூண்கள் கண்ணுக்கு முன்னால் நிற்பதால் அவை பருமனாக இருக்கின்றனவா, நேராக நிற்கின்றனவா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். மறுபாதியைச் சுமக்கும் லெட்ஜரோ சுவர்ப்பூச்சுக்கும் மேற்பலகைக்கும் இடையில் ஒளிந்து கிடக்கிறது. விதித்தொகுப்பின் அட்டவணைப்படி 12 அடி ஜாயிஸ்டுக்கு அரை அங்குலத் தடிமனுள்ள லேக் ஸ்க்ரூ எனப்படும் மரத்திருகுகள் 15 அங்குலத்துக்கு ஒன்றாக, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி, அதே தடிமனில் முழு போல்ட் என்றால் 29 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்க வேண்டும். அட்டவணைக்கு முந்தைய டெக்குகள் பலவற்றில் அந்த இடத்தில் இருப்பவை வெறும் ஆணிகள்.

ஆணியின் குறை என்னவென்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கட்டிய டெக்கில் ஆணி நன்றாகவே நிற்கும். ஆணியைக் குறுக்கே வெட்டுவது போல் கீழ்நோக்கி விழும் சுமையை அது ஓரளவு தாங்கிக்கொள்ளும். சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசைக்கோ அதனிடம் பதில் இல்லை. மரநார்கள் அதைக் கவ்விப் பிடித்திருப்பது ஒன்றுதான் தடை. மரம் நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கி, ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பிடி தளர்கிறது. கூட்டம் அசைய அசைய டெக் வெளிப்பக்கமாக மெல்ல இழுக்கப்படுகிறது. ஆணி மயிரிழை அளவாக வெளியேறுகிறது. ஒரு நாள் லெட்ஜர் முழுதும் விலகும்போது வெளிப்பக்கத் தூண்கள் அப்படியே நிற்க, சுவரையொட்டிய முனை கதவுக்கீல் போல் கீழே மடிகிறது. மேலே இருப்பவர்கள் அனைவரும் வீட்டுச் சுவரை நோக்கிச் சரிந்து ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். இந்த வகைச் சரிவு முன்னறிவிப்பு தருவதில்லை. உத்திரம் வளைந்தால் தளம் தொய்வது தெரியும், தூண் புதைந்தால் ஒருபக்கம் சாய்வது தெரியும். லெட்ஜர் ஆணி வெளியேறுவது மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. லெட்ஜரை இழுவிசைக்கு ஆட்படும் ஆணியால் பிணைக்கக் கூடாது என்று விதித்தொகுப்பு வெளிப்படையாகத் தடைசெய்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

போல்ட் போட்டுவிட்டால் கவலை தீர்ந்ததா என்றால் இல்லை. போல்ட் எதைப் பிடித்திருக்கிறதோ அந்த மரம் நல்ல மரமாக இருக்க வேண்டும். மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைக்குக் காற்றும் மிதமான வெப்பமும் ஈரமும் தேவை; மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காட்டைத் தாண்டினால் அது குடியேறும், 20 விழுக்காட்டுக்குக் கீழே அதற்குப் பிழைப்பு இல்லை. திறந்த பலகை மழையில் நனைந்தாலும் காற்றில் உலர்ந்துவிடுகிறது. லெட்ஜருக்கும் சுவருக்கும் இடையே புகுந்த நீருக்கு வெளியேற வழி இல்லை. அங்கே ஈரம் வாரக்கணக்கில் தங்குகிறது. லெட்ஜர் மருந்தேற்றிய மரமாக இருந்தாலும் அதற்குப் பின்னால் இருக்கும் வீட்டின் விளிம்புச் சட்டம் பெரும்பாலும் மருந்தில்லாத சாதாரண மரம். எனவே அழுகல் தொடங்குவது வீட்டுக்குச் சொந்தமான மரத்தில். அரை அங்குல போல்ட் அதில் ஊன்றியிருந்தும் பயனில்லை. இதைத் தடுப்பது ஃப்ளாஷிங் எனப்படும் வளைத்த தகடு: சுவரின் மழைத்தடுப்புத் தாளுக்குப் பின்னே செருகப்பட்டு, லெட்ஜரின் தலையை மூடி, நீரை வெளியே வடிக்கிறது. விலையில் மொத்தச் செலவின் மிகச் சிறு பங்குதான் இது; விட்டுப்போவதும் பெரும்பாலும் இதுதான். கதவு வாசலுக்குக் கீழே அந்தத் தகட்டைச் சரியாக மடிப்பது பொறுமை கேட்கும் வேலை. அந்த இடத்தில் சிலிக்கோன் பசையைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தால் பசை சில ஆண்டுகளில் விரிசல்விட்டு, நீரை உள்ளே விட்டு வெளியே விடாத பொறியாகிவிடும்.

மருந்தேற்றிய மரம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதில் இந்தியத் தொடர்பு ஒன்று இருப்பது வட அமெரிக்காவில் டெக் கட்டுகிறவர்களில் மிகச் சிலருக்கே தெரிந்திருக்கும். தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த சி.சி.ஏ. என்ற மரக்காப்பு மருந்தை 1930களில் உருவாக்கியவர் சோன்டி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி. பல பத்தாண்டுகளாக அமெரிக்க டெக்குகளைப் பூஞ்சையிலிருந்தும் கரையானிலிருந்தும் காத்தது அந்த மருந்துதான். ஆர்செனிக் குழந்தைகளின் கைகளில் ஒட்டுமே என்ற கவலை வளர்ந்ததால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2003 இறுதியோடு வீட்டு உபயோக மரத்துக்கு அதை ஏற்றுவதை உற்பத்தியாளர்கள் கைவிட்டார்கள். அதன் இடத்தில் வந்த ஏ.சி.க்யூ. முதலிய மருந்துகளில் தாமிரத்தின் பங்கு கூடுதல். தாமிரம் தன்னைத் தொடும் சாதாரண எஃகையும் மெல்லிய துத்தநாகப் பூச்சையும் ஈரத்தில் அரித்துவிடும். அலுமினியத் தகட்டையும் விடாது. ஆக ஒரு தீங்கை நீக்கிய மாற்றம் இன்னொன்றைக் கொண்டுவந்தது. 2004க்குப் பிறகு பழைய பழக்கத்தில் சாதாரண ஆணியும், ஜாயிஸ்டின் முனையைத் தாங்கும் ஹேங்கர் என்ற உலோகப் பிடியும் போட்டுக் கட்டப்பட்ட டெக்கில் மரம் புதிதுபோல் இருக்க, உள்ளே ஆணியின் உடல் மெலிந்துபோயிருக்கலாம். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஆணி, போல்ட், ஹேங்கர் அல்லது துருப்பிடிக்காத எஃகு என்ற விதி இதனால் வந்தது. கடலோரத்தில் பின்னதே நல்லது. இன்னொன்று: மருந்து மரத்தின் வெளிப்பகுதியில்தான் ஆழமாக இறங்குகிறது. அறுத்த முனையில் மருந்தில்லாத உள்மரம் வெளிப்படும்; அங்கே தாமிர நாஃப்தனேட் திரவத்தைத் தூரிகையால் தடவ வேண்டும். இதைச் செய்பவர்கள் குறைவு.

இணைப்பே முதன்மை என்ற இந்த வாதத்துக்கு மறுப்பாகச் சொல்லப்படுவது கூட்டநெரிசல். டெக்கில் அளவுக்கு மீறி ஆள் ஏறினால் எப்படிக் கட்டியிருந்தாலும் விழத்தானே செய்யும் என்பார்கள். 2003 ஜூன் 29 அன்று சிகாகோவின் லிங்கன் பார்க் பகுதியில் விருந்து நடந்துகொண்டிருந்த அடுக்குமாடி வீட்டின் பின்புற மரத்தளம் இடிந்து, மூன்றாம் மாடித் தளம் கீழ்த்தளங்களின் மேல் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள், 57 பேர் காயமடைந்தார்கள். முதலில் எழுந்த பேச்சு கூட்டத்தைப் பற்றியதுதான். விசாரணையில் வெளிப்பட்டது வேறு: பெர்மிட் இல்லாமல், அனுமதிக்கும் அளவுக்கு மேல் பெரிதாக, போதாத தாங்கிகளோடு கட்டப்பட்டிருந்தது. கூட்டநெரிசல் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நெருங்கி நின்றால் சுமை 300 கிலோவைத் தொடும். விதி கேட்பது 195. ஆனால் விதிப்படி அமைந்த இணைப்பு உடைவதற்கு வேண்டிய விசை கணக்கில் எடுத்த சுமையைவிட நன்றாகவே அதிகம். அந்த இடைவெளி இருப்பதே விருந்துக்கு வருகிறவர்கள் தங்களை எண்ணிப்பார்த்துக்கொண்டு ஏறமாட்டார்கள் என்பதால்தான். அழுகலும் மெலிந்த ஆணியும் அந்த இடைவெளியைச் சத்தமில்லாமல் தின்றுவிடுகின்றன. மிஞ்சியதைத் தின்பது கூட்டம். பழி மட்டும் முழுதாக அதன்மேல் விழுகிறது.

பெர்க்லி சம்பவம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. 2015 ஜூன் 16 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடி பால்கனி ஒடிந்து தொங்கியது. அதில் நின்ற 13 பேரில் ஆறு பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கோடை வேலைக்காக அயர்லாந்திலிருந்து வந்திருந்த மாணவர்கள். கட்டடம் முடிந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. அது லெட்ஜரில் தொங்கும் டெக் அல்ல, சுவருக்குள்ளிருந்து நீண்டுவரும் மரச்சட்டங்களின் மேல் அமைந்தது. ஆனாலும் நோய் ஒன்றே. சட்டங்கள் சுவரைத் தாண்டும் இடத்தில் நீர் புகுந்து தேங்கி, மரம் கையால் பிய்க்கும் அளவுக்கு அழுகியிருந்தது. மேலே பூச்சும் கீழே மூடுபலகையும் அதைக் கச்சிதமாக மறைத்திருந்தன. மேற்பரப்பு அழகாக இருந்ததால் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. இதன் விளைவாகக் கலிஃபோர்னியா இரண்டு சட்டங்களை இயற்றியது: 2018இல் வந்த எஸ்.பி. 721 மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள வாடகைக் கட்டடங்களில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறையும், அடுத்த ஆண்டு வந்த எஸ்.பி. 326 சொந்த அடுக்குமாடிகளில் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறையும் தரையிலிருந்து ஆறடிக்கு மேலுள்ள மரத்தளங்களைச் சோதிக்கக் கட்டாயப்படுத்துகின்றன. தனி வீடுகள் இவற்றில் சேரவில்லை. அதை இறுதியில் பார்ப்போம்.

கூட்டம் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. பாட்டுக்கு ஏற்ப எல்லோரும் ஒரே திசையில் ஆடினால் டெக் பக்கவாட்டில் அசைகிறது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதனைக் கூடத்தில் மரத்தளம் கட்டி, அதன்மேல் ஆட்களை நிறுத்தி அசையவும் ஓடி நிற்கவும் செய்து அளந்தபோது, காற்றும் நிலநடுக்கமும் தருவதைவிட அதிகமான பக்க விசையை மனிதர்கள் உண்டாக்க முடியும் என்று கண்டார்கள். ஆணியைச் சுவரிலிருந்து உருவுவது இந்த விசைதான். இதற்காக விதித்தொகுப்பு டெக்கின் ஜாயிஸ்டுகளை வீட்டுக்குள் இருக்கும் ஜாயிஸ்டுகளோடு எஃகுத் தண்டால் நேரடியாக இழுத்துக் கட்டும் கருவிகளைச் சொல்கிறது: ஒவ்வொன்றும் 1,500 பவுண்டு இழுவையைத் தாங்கும் இரண்டு, அல்லது 750 பவுண்டு தாங்கும் நான்கு. பழைய வீட்டில் இதைப் பொருத்த உட்கூரையைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று கட்டுநர்கள் முணுமுணுப்பது நியாயம்தான். நான்கு கருவிகள் கொண்ட வகை அந்தச் சிரமத்தைக் குறைக்கவே வந்தது.

லெட்ஜரையே வேண்டாம் என்று விட்டுவிடும் வழியும் உண்டு. அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது எனக்கு வியப்பு. வட அமெரிக்க வீடுகள் பலவற்றில் வெளியே தெரியும் செங்கல் சுமை தாங்கும் சுவர் இல்லை. மரச்சட்டச் சுவருக்கு முன்னால் ஓர் அங்குல இடைவெளி விட்டு எழுப்பிய மேலங்கி. அதில் போல்ட் அடித்து டெக்கைத் தொங்கவிடுவது தாளில் ஆணியடிப்பதற்குச் சற்று மேல். அமெரிக்க மரக் கழகம் வெளியிடும் டி.சி.ஏ. 6 என்ற கட்டுமான வழிகாட்டி இதை அனுமதிப்பதில்லை. ஜன்னல் பகுதி வெளியே துருத்தி நிற்கும் இடங்களிலும் அப்படியே. இத்தகைய வீடுகளுக்கு டெக் தன் கால்களிலேயே நிற்க வேண்டும்: சுவரை ஒட்டி இன்னொரு உத்திரமும் இன்னொரு வரிசைத் தூண்களும், ஆடாமல் இருக்கச் சாய்வுத் தாங்கிகளும். இதற்குச் சொல்லும் ஆட்சேபம், வீட்டின் அடித்தளத்தை ஒட்டித் தோண்டிய மண் தளர்வாக இருக்கும், அங்கே தூண் போட்டால் புதையும் என்பது. உண்மைதான். அடித்தளத்தின் அடிமட்டம் வரை ஆழமாக இறக்க வேண்டும்; செலவு கூடும். அதற்கு ஈடாக வீட்டுச் சுவரில் ஓர் ஓட்டைகூட விழாமல், நீர் புகும் வழியே இல்லாமல் போகிறது. டெக்கின் ஆயுளோடு வீட்டின் ஆயுளையும் கணக்கில் எடுத்தால் செங்கல் மேலங்கி இல்லாத வீடுகளுக்கும் இதுவே மேலான தேர்வு என்று எனக்குத் தோன்றுகிறது.

தூண்களின் அடிவாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர் நாட்டில் மண்ணில் உள்ள நீர் உறைந்து விரியும்போது மேலோட்டமான கான்கிரீட் அடித்தளத்தை ஆண்டுதோறும் தூக்கி இறக்கும். ஆகவே உறைமட்டத்துக்குக் கீழே போக வேண்டும்; டொரண்டோ பகுதியில் அது 1.2 மீட்டர். உத்திரம் தூணின் தலைமேல் உட்கார வேண்டும், தூணின் பக்கத்தில் போல்ட்டால் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தூணின் அடி மண்ணில் புதையாமல் உலோகச் செருப்பின் மேல் நிற்க வேண்டும்.

கைப்பிடி வேலிக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் டெக் முழுதும் விழுவதைவிட ஒருவர் வேலியோடு விழுவது எளிதில் நடக்கக் கூடியது. தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேலான தளத்துக்கு அமெரிக்க விதி குறைந்தது 36 அங்குல உயர வேலி கேட்கிறது. கனடாவின் தேசிய விதி 900 மில்லிமீட்டரும், தளம் 1.8 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் 1,070 மில்லிமீட்டரும் கேட்கிறது. குழந்தையின் தலை நுழையாதபடி கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. இவையெல்லாம் அளவுநாடாவால் பார்த்துவிடக்கூடியவை, பார்க்கவும் செய்கிறார்கள். பார்க்காதது வேலித்தூணின் வேர். மேல்விளிம்பில் 200 பவுண்டு, அதாவது சாய்ந்து நிற்கும் ஒரு பெரிய ஆளின் எடை, வெளிநோக்கித் தள்ளினால் தாங்க வேண்டும் என்பது விதி. மூன்றடி உயரத் தூண் நெம்புகோலாகி, அடியில் ஐந்து அங்குல இடைவெளியில் இருக்கும் இரு போல்ட்டுகளில் மேலதன்மேல் ஏறத்தாழ எட்டு மடங்கு இழுவையைக் கொண்டுவருகிறது. விளிம்புப் பலகை ஜாயிஸ்டுகளின் முனையில் இரண்டு மூன்று ஆணியால் ஒட்டியிருந்தால் தூண் ஒடியாமலே பலகையோடு பிய்த்துக்கொண்டு போகும். தூண் அழகாக உட்கார வேண்டும் என்று அதன் அடியைப் பாதி செதுக்கிவிடுவது இன்னும் மோசம். ஜோசஃப் லோஃபர்ஸ்கி, ஃபிராங்க் வோஸ்ட் ஆகியோர் விர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகள், தூணின் இழுவையை உட்பக்க ஜாயிஸ்டுக்கே கடத்தும் எஃகுக் கருவி இருந்தால்தான் நம்பகமாகத் தாங்கும் என்று காட்டின. இங்கும் கோளாறு தூணில் இல்லை, தூண் சேருமிடத்தில் இருக்கிறது.

இன்று மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகள் வந்துவிட்டன, அவை அழுகாது, பூச்சும் வேண்டாம், ஆகவே பழைய கவலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல பொருள்தான், இருபத்தைந்து ஆண்டு, அதற்கு மேலும் உத்தரவாதம் தருகிறார்கள். ஆனால் அந்த உத்தரவாதம் பலகைக்கு. அதற்குக் கீழே ஜாயிஸ்டுகளும் லெட்ஜரும் பெரும்பாலும் அதே மருந்தேற்றிய மரம்தான். மரப்பலகை அழுகி விரிசல்விட்ட காலத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை பலகையைக் கழற்றினார்கள். அப்போது கீழே இருப்பதைப் பார்க்கும் வாய்ப்பு தானாகவே கிடைத்தது. அழுகாத பலகை அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. பழைய சட்டகத்தின் மேல் புதுக் கலவைப் பலகையை மட்டும் போட்டு டெக்கைப் புதுப்பித்ததாகச் சொல்வது பெர்க்லியில் நடந்ததற்கு மிக அருகில் வருகிறது. இதே வரிசையில் வெந்நீர்த் தொட்டியையும் சேர்க்கலாம். 1,500 லிட்டர் கொள்ளும் தொட்டி ஏழடிக்கு ஏழடி இடத்தில் உட்கார்ந்தால் நீரின் எடை மட்டுமே ஒரு சதுர மீட்டருக்கு 330 கிலோ வருகிறது. டெக் கணக்கிடப்பட்டது 195க்கு. கடைக்காரர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார். கீழே கூடுதல் உத்திரம் இருக்கிறதா என்று கேட்பது அவர் வேலை இல்லை.

விதியை இறுக்கினால் செலவு கூடும், மக்கள் பெர்மிட் வாங்காமலே கட்டுவார்கள், விளைவு முன்பைவிட மோசமாகும் என்பது எளிதில் தள்ளிவிட முடியாத ஆட்சேபம். விழும் டெக்குகள் நிற்கும் டெக்குகளில் மிகச் சிறு பகுதி என்பதும் சரிதான். இதற்கு என் பதில், செலவு எங்கே விழுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே. போல்ட், தகடு, உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த ஹேங்கர், அதன் எல்லா ஓட்டைகளுக்கும் உரிய ஆணி ஆகியவை மொத்த மரச் செலவின் ஓரத்தில் நிற்கிற தொகை. ஹேங்கருக்கு அதற்கென்று செய்த தடித்த ஆணியை விட்டுவிட்டுக் கையில் இருக்கும் டெக் ஸ்க்ரூவைத் திருகுவது மலிவுக்காக நடப்பதில்லை, தெரியாமையால் நடக்கிறது. அந்த ஸ்க்ரூ கடினமானது, பக்க விசையில் வளையாமல் சட்டென்று முறியும். பெர்மிட்டைத் தவிர்க்கத் தூண்டுவதும் பெரும்பாலும் கட்டணம் அல்ல, வரைபடமும் காத்திருப்பும். டி.சி.ஏ. 6 போன்ற ஆயத்த வரைபடங்களை நகராட்சிகள் அப்படியே ஏற்றுக்கொண்டால் அந்தத் தடை குறையும். பல ஊர்களில் ஏற்றுக்கொள்ளவும் செய்கிறார்கள்.

பராமரிப்பிலும் கவனம் இடம் மாற வேண்டும். வட அமெரிக்க டெக் மற்றும் கைப்பிடிச் சங்கம் மே மாதத்தை டெக் பாதுகாப்பு மாதமாகக் கடைப்பிடிக்கிறது. பனி உருகி, விருந்துகள் தொடங்குவதற்கு முந்தைய மாதம் என்பதால் பொருத்தமானதே. ஆனால் அந்த மாதத்தில் வீடுகளில் நடப்பது அழுத்த நீரால் கழுவுவதும் பூச்சு அடிப்பதும். பூச்சு பலகையை வெயிலிலிருந்து காக்கும், அதில் தவறில்லை. அழுத்த நீரை மிகவும் கிட்டே பிடித்தால் மரநார் கிழிந்து ஈரம் இன்னும் எளிதாக இறங்கும். கழுவுவதற்கும் பூசுவதற்கும் முன்னால் ஒரு டார்ச்சும் முனை கூரான ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு கீழே போக வேண்டும். லெட்ஜரிலும் அதற்குப் பின்னால் தெரியும் மரத்திலும் தூணின் அடியிலும் படியின் பக்கப் பலகைகள் தரையைத் தொடும் இடத்திலும் குத்திப் பார்த்தால், நல்ல மரம் முனையை அரைக்கால் அங்குலத்துக்கு மேல் விடாது. எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் அழுகல். லெட்ஜருக்கும் சுவருக்கும் நடுவே புதிதாக இடைவெளி தெரிகிறதா, போல்ட் தலையைச் சுற்றித் துருக்கறை வழிந்திருக்கிறதா, ஹேங்கர் செதில்விடுகிறதா, அடித்தளத்து அறையின் உட்பக்கம் அதே உயரத்தில் ஈரக்கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலகை இடுக்குகளில் தங்கிய இலைக்குப்பையை, அதிலும் சுவரோரத்தில் இருப்பதை, எடுத்துவிட வேண்டும். கூரை நீர்க்குழாய் டெக்கின்மேல் ஊற்றுகிறதென்றால் அதைத் திருப்பிவிட வேண்டும். பூந்தொட்டியும் வெளிவிரிப்பும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாத வேலை இது.

இதை எல்லோரும் செய்வார்கள் என்று நம்ப முடியாது என்பதால்தான் சட்டத்தின் கேள்வி எழுகிறது. கட்டும்போது நகராட்சி ஆய்வாளர் அடித்தளத்தையும் சட்டகத்தையும் பார்க்கிறார்; இறுதி ஒப்புதலுக்குப் பிறகு தனி வீட்டு டெக்கை எந்த அதிகாரியும் திரும்பிப் பார்ப்பதில்லை. டொரண்டோவில் தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேற்படாத திறந்த டெக்குக்குப் பொதுவாகப் பெர்மிட்டே தேவையில்லை. அது சரியான விலக்குத்தான், அந்த உயரத்திலிருந்து விழுந்தால் உயிர் போவது அரிது. கலிஃபோர்னியா மாதிரியைத் தனி வீடுகளுக்கும் நீட்டி ஆறு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளரை அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவராது. எண்ணிக்கை அதற்கு இடம் கொடுக்காது. வீடு கைமாறும் நேரம் ஒன்றுதான் இயல்பாக வாய்க்கிற தருணம். ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ எடிசனிலோ வீடு வாங்கும் தமிழ்க் குடும்பம் அடித்தள அறையையும் சமையலறையையும் கூரை வயதையும் துருவித் துருவிக் கேட்கும். டெக் இருக்கிறதா என்பதோடு அதைப் பற்றிய கேள்வி முடிந்துவிடும். வீட்டு ஆய்வாளரும் கண்ணால் காண முடிந்ததை மட்டுமே எழுதுவார். டெக்கின் கீழ்ப்பகுதி அலங்காரத் தட்டிகளால் மூடப்பட்டிருந்தால் அணுக முடியவில்லை என்று அறிக்கையில் ஒரு வரி வரும், விற்பனை நடந்து முடியும். தரையிலிருந்து ஆறடிக்கு மேலான, வீட்டோடு பிணைந்த டெக்குக்கு விற்பனையின்போது லெட்ஜரைத் திறந்து பார்த்த அறிக்கை கட்டாயம் என்று மாநிலங்களும் மாகாணங்களும் விதிக்கலாம். அந்த உயர வரம்பைக் கலிஃபோர்னியா ஏற்கெனவே வகுத்துத் தந்திருக்கிறது. புதிய டெக்குகளுக்கு அதைவிடச் சிறிய விதி ஒன்று போதும்: கீழே தட்டி அடிப்பவர் ஆள் நுழையும் அளவுக்குக் கீல் வைத்த கதவு ஒன்றை அதில் விட வேண்டும், சுவரோரப் பலகை ஒன்று மட்டுமாவது ஆணியில்லாமல் திருகி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.